முகாமுக்குப் போன பிள்ளையும் வீட்டிலிருந்து அழும் பெற்றோரும்

பிள்ளையைப் பட்டாளத்துப் பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருக்கும் பெற்றோரைப்பற்றி நம் மக்களிடையே இரண்டு விதமான பேச்சு உலவி வருகிறது. ஒன்று ஒப்பாரி, மற்றொன்று வீம்பு. ஒப்பாரி வைப்போர், பிள்ளை திரும்பி வருவானோ மாட்டானோ என்று பஸ் புறப்பட்ட நாழிகையிலேயே துக்கம் காக்கத் தொடங்கிவிடுகின்றனர். வீம்பு பேசுவோரோ, “பட்டாளத்தான் கையில் நாலு அடி வாங்கினால்தான் இவன் மனிதனாவான்” என்று மீசையைத் தடவிக்கொள்ளுகின்றனர். இவ்விரு கூட்டத்தாரும் பிள்ளைக்கு ஒரு காசளவும் உதவி செய்யவில்லை என்பது நமது உறுதியான அபிப்பிராயம். இதைச் சொல்வதால் இரு பக்கத்தாரின் கோபத்துக்கும் ஆளாவோம் என்பதை அறியாமல் எழுதவில்லை.

இந்தப் பேச்சு இப்பொழுது மறுபடியும் ஏன் எழுந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2003-ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் தேசிய சேவைப் பயிற்சிச் சட்டம் நிறைவேறியது. 2004 பிப்ரவரியில் முதல் தொகுதிப் பிள்ளைகள் முகாமேறினர். அவ்வாண்டில் மாத்திரம் ஏறத்தாழ 85,000 பேர் அழைக்கப்பட்டனர். ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா சரவாக் மக்கள் என்றும் பாராமல், பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் பெயர்களைக் கணினி பொறுக்கி எடுத்தது. மூன்று மாதம் காட்டோர முகாமில் இருக்கவேண்டும். வர மறுத்தால் மூவாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று சட்டம் கூறிற்று. செலவு மிகுந்ததென்று 2015-இல் ஓராண்டு நிறுத்திவைத்தனர். அதனால் நாற்பது கோடி வெள்ளி மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். 2016-இல் மீண்டும் நடந்தது. ஆட்சி மாறியபின் 2018-இல் கைவிடப்பட்டது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றாம் முறையாக, நாற்பத்தைந்து நாட்களாகச் சுருங்கி, இராணுவப் பயிற்சி பெரும்பங்காகவும் நாட்டுணர்வுப் பாடம் சிறுபங்காகவும் அது திரும்பி வந்தது. சர்க்காரின் மனம் பலமுறை மாறியிருக்கிறது. பெற்றோரின் கண்ணீர் மாத்திரம் 2004-இல் எப்படியிருந்ததோ அப்படியே இருக்கிறது.

நாம் இருப்பது புக்கிட் செந்தோசாவில். ரவாங்கிலிருந்து செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலக் குபு பாரு என்று வடக்கே போகும் பாதையை அடுத்திருக்கும் இவ்வூரைத் தோட்டத்து மக்களின் இரண்டாம் குடியேற்றம் என்றே சொல்லலாம். ரப்பர் வெட்டுப்பட்டுச் செம்பனை வந்ததும், செம்பனையும் போய் வீடமைப்பு வந்ததும், லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் இங்கும் புக்கிட் பெருந்தோங்கிலும் வந்து வரிசை வீடுகளில் குடியேறின. கோல சிலாங்கூர்ப் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் பெற்று, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றழைக்கப்படும் ஊரைச் சுற்றியுள்ள தோட்டத்தாரும் இவர்களுக்கு உறவினரே. வீடு மாறிற்று, வேலை மாறிற்று, பால் வாளியைப் பிடித்த கை செரண்டாவில் கார்த் தொழிற்சாலையில் திருகாணி முடுக்குகிறது. ஆனால் சர்க்கார் முத்திரையிட்ட ஒரு தாள் வீட்டுக்கு வந்தால் நெஞ்சு படபடக்கும் வழக்கம் மாத்திரம் மாறவில்லை.

அந்தப் படபடப்பைக் கேலி செய்ய நாம் வரவில்லை. பட்டணத்துப் படிப்பாளிகள் சிலர், “தோட்டத்து ஜனங்களுக்குப் பிள்ளையைவிட்டுப் பிரிந்திருக்கத் தெரியாது, கோழிக்குஞ்சுபோல் பொத்தி வைப்பார்கள்” என்று எழுதுகின்றனர். பேனா பிடித்த கைக்குச் சரித்திரம் தெரியவேண்டாமோ? 1942-ஆம் ஆண்டிலும் 1943-ஆம் ஆண்டிலும் இதே சிலாங்கூர்த் தோட்டங்களின் வாசலில் லாரிகள் வந்து நின்றன. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், கூலி உண்டு, சாப்பாடு உண்டு என்று ஜப்பானியர் சொன்னார்கள். கணவனை ஏற்றினார்கள், மூத்த மகனை ஏற்றினார்கள், ஆள் போதாதபோது வழியில் அகப்பட்டவரையும் ஏற்றினார்கள். அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையாகி விழுந்த மலாயாத் தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகத் திரும்பி வரவில்லை. கடிதமில்லை; கல்லறையில்லை; இன்ன நாளில் இறந்தான் என்று சொல்ல ஆளில்லை. திதி கொடுக்கத் தேதி தெரியாமல், லாரி வந்த நாளையே இறந்த நாளாகக் கொண்ட குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட பாட்டியின் மடியில் வளர்ந்த ஒருத்தியிடம் 2004-இல் வந்து, “மூன்று மாதந்தான் அம்மா, சாப்பாடு நாங்கள் போடுகிறோம்” என்று சொன்னால் அவள் அழாமல் என் செய்வாள்? சொல்லுகிறவனுக்கு அது புதுச் சொல். கேட்கிறவளுக்கு அது பாட்டி சொன்ன கதையின் முதல் வரி.

ஆகவே பயம் குற்றமன்று. அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான் நமது சண்டை.

நம் தெருவில் ஒரு தகப்பனார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், உழைப்பாளி. 2012-ஆம் ஆண்டில் அவருடைய மகளுக்கு அழைப்பு வந்தது. பெண் துள்ளிக் குதித்தாள். பள்ளித் தோழிகள் நால்வருக்கும் வந்திருந்ததாம். அவளோ அதுவரை கோலாலம்பூருக்கு அப்பால் போய் அறியாதவள். தகப்பனார் மூன்று நாள் யாருடனும் பேசவில்லை. நான்காம் நாள், எங்கோ ஒரு மருந்தகத்தில் யாரையோ பிடித்து, அப்பெண்ணுக்கு ஈளை நோய் என்று ஒரு சான்றிதழ் வாங்கிவந்தார். ஓட்டப் பந்தயத்தில் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்த பெண்ணுக்கு ஈளை! பஸ் புறப்பட்ட அன்று அவள் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று தோழிகளுக்குக் கை காட்டினாள். அதை நாம் கண்ணால் கண்டோம்.

தகப்பனாரைக் கேட்டோம். “வாத்தியாரையா, நாலு சாதிப் பையன்கள், வேறு வேறு மதத்துப் பையன்கள் இருக்கும் இடத்துக்கு வயசுப் பெண்ணை எப்படி அனுப்ப? நாளைக்கு யார் கட்டுவான்?” என்றார். முகாமில் ஆண்கள் கொட்டகை வேறு, பெண்கள் கொட்டகை வேறு என்பது அவருக்குத் தெரியாது. அவர் விசாரிக்கவுமில்லை. விசாரித்தால் பயத்துக்கு ஆதாரமில்லாமல் போய்விடுமோ என்றுதான் அவர் பயந்தார் என்று நாம் எண்ணுகிறோம். பிறகு என்ன நடந்தது? அடுத்த வருஷமே அப்பெண் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போனாள். நடுநிசி கழித்து ஒப்பந்தக்காரனின் பஸ் அவளை முச்சந்தியில் இறக்கிவிடும். தெருவிளக்கு எரிந்தும் எரியாமலும் இருக்கும் அந்தப் பாதையில், ஆள் குடியேறாமல் பாழடைந்து கிடந்த வீடுகளின் வரிசையைத் தாண்டி ஒற்றையாக நடந்து வருவாள். தகப்பனாருக்கு அது பயமாகப் படவில்லை. மாதம் முடிந்தால் சம்பளம் வந்ததல்லவா! கற்பு, மானம், நாலு பேர் பேச்சு என்பவையெல்லாம் சம்பளம் வராத இடத்தில் மாத்திரம் கிளம்புகிற பூதங்கள் போலும்.

இன்னொன்று கேட்போம். இந்நாட்டில் ஆண்டுதோறும் சாலை விபத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். முகாம் என்றதும் அரச மரத்தடியில் தேங்காய் உடைக்கிற தாய், பதினாறு வயதுப் பையன் உரிமமில்லாமல் தலைக்கவசமில்லாமல் தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகையில், “வரும்போது கொத்தமல்லி வாங்கி வா” என்று குரல் கொடுக்கிறாள். அந்த மூலையில், கையில் சின்னம் பச்சை குத்திக்கொண்டு நிற்கிற கும்பலோடு பையன் பேசிக்கொண்டு நிற்பது தகப்பனுக்குத் தெரியும். தெரிந்தும், “வயசுப் பையன், அப்படித்தான்” என்பான். முகாமில் ஆபத்தே இல்லையென்று நாம் சொல்லவில்லை. அதைப் பிறகு பேசுவோம். தராசில் படியாத இடத்தில் கல்லை வைத்துவிட்டு, தராசு பொய் என்று கூவுகிறவர்களைத்தான் இங்கே கண்டிக்கிறோம்.

நிற்க. வீம்புக்காரர்களை விட்டுவிட்டோம் என்று அவர்கள் மகிழவேண்டாம்.

“பட்டாளம் போனால் ஒழுக்கம் வரும்” என்பது அவர்கள் வேதவாக்கு. பதினெட்டு வருஷம் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வேளை சோறு உண்ணாதவன், பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன், சாயங்காலமானால் மதுக்கடையில் மேசையைத் தட்டி அரசியல் பேசுகிறவன், தான் செய்யாத வேலையை மூன்று மாதத்தில் ஒரு சார்ஜன்ட் செய்து முடிப்பான் என்று எதிர்பார்க்கிறான். பிள்ளை வளர்ப்பு என்ன, சலவைக்குப் போடும் துணியா, அழுக்கைக் கொடுத்து வெளுத்து வாங்க?

இதை நாம் பிறர் கதையாகச் சொல்லவில்லை. நமது மகனும் 2009-ஆம் ஆண்டில் போய் வந்தவனே. திட்டத்தை ஆதரித்துப் பேசிய நாமே அவனை ஏற்றிவிட்டு வந்த இரவு தூங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். அவன் அன்னை எட்டு நாள்வரை அவன் தட்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். வைத்தபின் எடுத்து உள்ளே கொண்டுபோனாள். ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பினான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தான். படுக்கையை நான்கு மூலையும் இழுத்து மடித்தான். தின்ற தட்டைத் தானே கழுவினான். அயலார் வந்து பார்த்து மெச்சினார்கள். இருபத்திரண்டாம் நாள் எட்டு மணி வரை தூங்கினான். தட்டு பழையபடி அன்னையிடம் வந்தது. இவ்வளவே பட்டாளம் தந்த ஒழுக்கத்தின் ஆயுள். அவனிடம் நிலைத்து நின்ற மாற்றம் வேறு ஒன்று. சபாவிலிருந்து வந்த பையனோடும் திரங்கானுவிலிருந்து வந்த பையனோடும் ஒரே கொட்டகையில் கிடந்து, தன் மலாய்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவனோடு சண்டையிட்டு, பிறகு அவனோடே கஞ்சி குடித்ததனால், இன்றைக்கு அலுவலகக் கவுண்டருக்கு எதிரே தோளைக் குறுக்காமல் நின்று பேசுகிறான். அவன் தகப்பனாகிய நமக்கு அது வர நாற்பது வயதாயிற்று. அதைக் கொடுத்தது கவாத்து அன்று, கூடியிருந்த வாழ்வு. அந்தப் பயனுக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை என்பாருடன் நமக்கு வழக்கில்லை.

அந்நாளில் பயிற்சிப் பிள்ளைகளை வீரா என்றும் வீராவதி என்றும் அழைத்தார்கள். மலாய்மொழிக்கு வடமொழி வழியே வந்த சொற்கள். நமக்கும் உறவுச் சொற்களே. பெயரைக் கேட்டதும் பெற்றோர் சிலர் நடுங்கினார்கள். சிலர் நெஞ்சு நிமிர்த்தினார்கள். இருவருமே, சாமான் பையில் மாற்றுச் செருப்பு வைக்க மறந்தார்கள்.

இனி ஆபத்தைப் பேசுவோம். 2004-ஆம் ஆண்டிலேயே முகாம்களில் பிள்ளைகளுக்குள் அடிதடிகள் நடந்தன. பின்வந்த வருஷங்களில் உணவு நஞ்சாகிப் பிள்ளைகள் மருத்துவமனையில் கிடந்ததுண்டு. பயிற்சிக் காலத்தில் சில பிள்ளைகள் இறந்தும் போனார்கள். பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடும் இடத்தில் இவை நடக்கக் கூடியவையே என்று புள்ளிக்கணக்குச் சொல்லி விளக்கிய அதிகாரிகளும் இருந்தனர். புள்ளிக்கணக்கு மேலேயிருந்து பார்ப்பவனுக்கு ஆறுதல். பெற்றவளுக்கு ஒரே பிள்ளைதான் புள்ளியும், அதுவே மொத்தக் கணக்கும்.

சர்க்கார் பிள்ளையைச் சட்டத்தின் பேரால் கேட்டு வாங்கும்போது, கேட்ட பொழுதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. மனமுவந்து அனுப்பும் பள்ளிக்கூடத்துக்கும், மறுத்தால் சிறையென்று அழைக்கும் முகாமுக்கும் இருக்கும் பேதம் இதுவே. வலிய வாங்கினவன் வலியவந்து கணக்குச் சொல்லவேண்டும். நமது மகனுக்கு முகாமில் காய்ச்சல் கண்டது. நூற்று மூன்று டிகிரி இருந்ததாம். நமக்குச் செய்தி வந்தது ஐந்தாம் நாள். அதுவும் அவன் தேறியெழுந்து, பொதுத் தொலைபேசிக்கு முன் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, தானே சொல்லித்தான். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டவர்களுக்கு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லாமற் போயிற்று. முகாமின் பேரை நாம் எழுதவில்லை; எழுதிப் பயனுமில்லை. கேட்டபோது ஓர் அதிகாரி, “பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்றுதான் சொல்லவில்லை” என்றார். ஐயா, சொல்லாததனால்தான் பயப்படுகிறோம்! சயாமுக்குப் போனவனைப்பற்றியும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கரையில் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். அங்கே 1967 முதல் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய இராணுவ சேவை. மூன்று மாதமன்று, இரண்டு வருஷம். அங்கும் தாய்மார் அழுதார்கள். பட்டாளத்து வேலை மானக்கேடு என்று எண்ணிய குடும்பங்களும் அங்கே உண்டு. தொடக்க காலத்தில் சமூக நிலையங்களில் விருந்து வைத்து, பாராளுமன்ற உறுப்பினர் வந்து கை குலுக்கிப் பிள்ளைகளை வழியனுப்பினார்கள். பிற்காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், புலாவ் தெக்கோங் தீவுக்குப் பிள்ளையோடு பெற்றோரையும் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மகன் படுக்கப்போகும் கட்டிலைத் தாய் கையால் தடவிப் பார்க்கிறாள். அவன் உண்ணும் கூடத்தில் உட்கார்ந்து அதே சோற்றை உண்டு பார்க்கிறாள். அவன் உறுதிமொழி சொல்லும்போது எதிரே நிற்கிறாள். பிறகு படகேறித் திரும்புகிறாள். அழாமல் திரும்புகிறாள் என்று யார் சொன்னது? அழுதுகொண்டேதான் திரும்புகிறாள், ஆனால் இன்ன இடத்தில், இன்ன கட்டிலில் இருக்கிறான் என்று அறிந்து அழுகிறாள். அவ்வறிவுக்கு ஒரு படகுக்கூலிதான் செலவு. அச்சட்டத்தின் நெடுங்காலக் கட்டாயத்தை நாம் புகழவில்லை. அதிலிருந்து இந்த ஒன்றை எடுத்துக்கொள்ள என்ன தடை என்றுதான் கேட்கிறோம்.

நமது சங்கங்களையும் கோவில் குழுக்களையும் கேட்க வேண்டியது வேறு. அழைப்புத் தாள் மலாய்மொழியில் வருகிறது. தோட்டத்துத் தாய்க்கு அதில் தேதி ஒன்றுதான் புரிகிறது. மருத்துவப் படிவத்தில், “பிள்ளைக்கு முன்பு வந்த நோய்கள்” என்ற இடத்தை வெறுமையாக விட்டோ, எல்லாவற்றுக்கும் இல்லையென்று குறியிட்டோ கொடுத்துவிடுகிறாள். சிறு வயதில் வந்த வலிப்பை எழுதினால் வெளியே தெரிந்து கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும் என்று மறைத்த குடும்பம் ஒன்றையும் அறிவோம். அங்கே உடம்பு சரியில்லாத பிள்ளை வெயிலில் ஓடுகிறான். இங்கே நல்ல உடம்புள்ள பெண்ணுக்கு ஈளை! இரண்டு பொய்க்கும் தாய் ஒன்றே. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி எத்தனை, பூ எத்தனை வண்டி என்று மூன்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிற பெரியோர்கள், அரைநாள் உட்கார்ந்து நாற்பது தாய்மாருக்கு அந்தப் படிவத்தைப் படித்துச் சொன்னதுண்டா? முகாமுக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரை ஓரிடத்தில் கூட்டி, ஒரு வாடகை வண்டி பிடித்து, பார்வையாளர் நாளில் அழைத்துப்போய் வந்ததுண்டா? இல்லை. ஆனால் பிள்ளை போகாமலிருக்க வட்டாரத் தலைவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருவதற்கு மாத்திரம் ஆட்கள் இருந்தார்கள். அதற்கு நன்றியும் காணிக்கையும் இருந்தன.

இவர்களைக் கோழைகள் என்று நாம் சொல்லிவிட்டதாக யாரும் எண்ணவேண்டாம். இந்த வட்டாரத்துத் தோட்ட மக்களின் துணிவை நாம் அறிவோம். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டுரிமை கேட்டு எத்தனை வருஷம் விடாமல் நின்றார்கள் என்பது ஊரறிந்தது. கூட்டமாக நின்றபோது அமைச்சருக்கும் அஞ்சாத அதே பெண்மணி, பிள்ளை விஷயத்தில் தனியே உட்கார்ந்து திருநீறு மடிக்கிறாள். தனிமைதான் அவளைக் கோழையாக்குகிறது, பிள்ளைப் பாசமல்ல.

பெண்ணை அனுப்புவது நம் வழக்கமில்லை என்போர்க்கு ஒரு செய்தி. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து பெண்கள் படை வேண்டும் என்றார். அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கே தொடங்கிற்று. அதில் சேர்ந்தவர்களுள் மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. கோலாலம்பூரில் செல்வமாக வளர்ந்த ஜானகி, காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் தகப்பனாரும் முதலில் கடுமையாக எதிர்த்தவர்தான். நெடிய வாதாட்டத்துக்குப் பிறகே இணங்கினார். முகாமின் கடுமை முதலில் ஜானகிக்கும் தாங்க முடியாததாகவே இருந்தது. பின்னர் அப்படையின் இரண்டாம் நிலைத் தலைவியானார், விடுதலைக்குப்பின் இந்நாட்டில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரோடு செனட்டராக அமர்ந்தார், 2014-இல் மறைந்தார். யுத்தத்தையும் அந்தப் படையையும்பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் இருக்கட்டும். ஒரு தகப்பன் கோபத்தோடு தொடங்கி, வாதாடி, கடைசியில் மகளின் சொல்லுக்குச் செவி கொடுத்தான் என்பதை மாத்திரம் பாருங்கள். அந்தத் தகப்பன் மகளோடு வாதாடினான். நம் தெருத் தகப்பனார் மகளோடு ஒரு வார்த்தையும் பேசாமல் மருந்தகத்துக்குப் போனார்.

சென்ற ஆண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தோம். இப்பொழுது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பேச்சுவாக்கில் அந்நாளை நினைவுபடுத்தினோம். “அப்பா என்மேல் வைத்த பாசம் எனக்குத் தெரியும் ஐயா, ஆனால் அந்த நாலு பேரும் இன்றைக்கும் சந்தித்தால் அந்த மூன்று மாதத்தைப் பற்றியே பேசுவார்கள், நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன்” என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நமது கோரிக்கைகள் பெரியவையல்ல. அழைப்புத் தாளோடு தமிழிலும் சீனத்திலும் விளக்கம் வரவேண்டும். முகாமுக்குள் பெற்றோரை முதல் நாளே அழைத்துச்சென்று கட்டிலையும் கழிவறையையும் சமையற்கட்டையும் காட்டவேண்டும். மருத்துவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுக்கவேண்டும். பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லவேண்டும். இறந்த பிள்ளையின் விசாரணை அறிக்கையைப் பெற்றவர் கையில் கொடுக்கவேண்டும், பெட்டியில் பூட்டக்கூடாது. இவற்றுக்கு இணங்காமல், “எங்களை நம்புங்கள்” என்று மட்டும் சொல்லுகிற சர்க்கார் எந்தக் கட்சியின் சர்க்காராயினும் அதற்குப் பிள்ளையைக் கேட்கும் யோக்கியதை இல்லை. இவற்றுக்கு இணங்கியபின்னும் பொய்ச் சான்றிதழ் தேடுகிற பெற்றோருக்குப் பிள்ளையை மறுக்கும் யோக்கியதை இல்லை. நாற்பத்தைந்து நாளும் பெற்றவர் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். எழுதத் தெரியாதவர் தெருவில் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லலாம். வீட்டுப் பூனை குட்டி போட்டதை எழுதினாலும் போதும். அழுததை எழுத வேண்டாம். அவனுக்கு அது தெரியும்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் பின்தெரு அம்மையார் ஒருவர் வந்தார். மகளின் கைப்பேசியில் வந்த அறிவிப்பை நீட்டி, “வாத்தியாரையா, இதிலே என்ன எழுதியிருக்கு, படித்துச் சொல்லுங்க” என்றார். முழுவதையும் படித்துச் சொன்னோம். மருத்துவப் படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டோம். ஆறு வயதில் அம்மை போட்டதையும், மழைக்காலத்தில் மூக்கடைப்பு வருவதையும், சிறிய வயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்ததையும் ஒவ்வொன்றாக நினைவு கூட்டிச் சொன்னார். மகள் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தபின் அம்மையார் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, “நாற்பத்தைந்து நாளுக்கு எத்தனை துண்டு எடுத்து வைக்கணும்?” என்று கேட்டார். மகள் மூன்று போதும் என்றாள். அம்மையார் ஆறு என்றார்.